பின்வாசலில் ஒரு கத்தரி

என் வீட்டுக்காரருக்கு ஊசி என்றால் பயம். இதை அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. "பயமெல்லாம் இல்ல, நமக்கு அது ஒத்துக்காது" என்பார், ஏதோ கத்தரிக்காயைச் சொல்வதுபோல. நாள் முழுக்க அடுத்தவன் தொண்டையில் சவரக்கத்தி வைக்கிற மனுஷன் இவர்.

வலது தோளில் நரம்பு நசுங்கியிருந்தது. அங்கே கிளம்புகிற வலி முழங்கை வழியாக இறங்கிச் சுண்டுவிரல் வரை சுரீரென்று ஓடும். கை காதுக்கு மேலே எழும்பாது. சட்டையை நான்தான் மாட்டிவிட்டேன். அப்போது அவர் போடும் கூச்சலைக் கேட்டு மேல்மாடிக்காரி என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

சும்மா சொல்லக் கூடாது, மூளை வேலை செய்தது. கை மேலே போகாவிட்டால் தலையைக் கீழே கொண்டுவர வேண்டியதுதானே? சலூனின் சுழல் நாற்காலியை ஓரங்கட்டிவிட்டு, நான் துணி துவைக்க உட்காரும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். வருகிறவர்களெல்லாம் முழங்கால் தாடையில் இடிக்க அதில் குந்தினார்கள். கண்ணாடியில் நெற்றி மட்டும்தான் தெரியும். நெட்டைத் தபால்காரர் எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது.

"இப்ப எல்லா எடத்துலயும் இப்படித்தான். முதுகுக்கு நல்லது" என்று அளந்துவிட்டார்.

முக்காலி போட்டும் வேலை ஒழுங்காக வரவில்லை. இடப்பக்கம் வழக்கம்போல அழகாக இருக்கும். வலப்பக்கம் வருவதற்குள் கை சோர்ந்து தொங்கிவிடும், முடி அங்கே தடிப்பாக அப்படியே நிற்கும். அவர் கண்ணுக்கு அது தெரியவில்லை, தெரிந்தவர்கள் அவரிடம் சொல்லவில்லை. இத்தனை வருஷம் பழகிய முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? "பிரமாதம்" என்று சொல்லிவிட்டு, கடையைச் சுற்றிக்கொண்டு, ஒட்டியிருக்கும் எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு வந்து நிற்பார்கள்.

முதலில் வந்தவர் தபால்காரர்தான். "அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க. இப்படியே போனா தலையைச் சாய்ச்சுக்கிட்டேதான் தபால் குடுக்கணும்."

நான் சமையலறைக் கத்தரியை எடுத்துச் சரிசெய்து அனுப்பினேன். அவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? மறுநாளே பின்வாசலில் வரிசை. அடுப்பில் குழம்பு கொதிக்க, இங்கே ஒரு தலை காத்திருக்கும். வெட்டுவதைவிட, முடியை என் வீட்டுக்காரர் கண்ணில் படாமல் அள்ளிக் கொட்டுவதுதான் பெரும்பாடாக இருந்தது.

சிரிப்பாக இருந்தாலும் எனக்கு உள்ளுக்குள் உதறல். அந்த மனுஷனுக்குப் பெருமை என்று இருப்பது கைவேலை ஒன்றுதான். கோணலாக வெட்டுகிறோம் என்று தெரிந்தால் கத்தரியைக் கீழே வைத்துவிடுவார், பிறகு தொடவே மாட்டார். அவருக்குத் தெரிவதற்குள் தோள் சரியாக வேண்டும். தைலமும் மாத்திரையும் கைவிரித்த பிறகு மிச்சமிருந்தது ஊசிதான்.

"தோள்ல போட்டு, அது கழுத்து வழியா மூளைக்கு ஏறிட்டா?" என்றார்.

"ஏறட்டுமே. அங்க எடம் காலியாத்தான இருக்கு."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கத்தரி கைநழுவி ஒரு வாடிக்கைக்காரர் மடியில் விழுந்தது. விழுந்த இடம் கொஞ்சம் ஏடாகூடம். அந்த ஆள் யார் உதவியும் இல்லாமல் முக்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டார். அன்று சாயங்காலம் இவரே வந்து, "சரி, போய்ப் பாக்கலாம். பேச மட்டும்தான்" என்றார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிற டாக்டர் மாஸ்க் போட்டிருந்தார். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே நரம்புக்குப் பக்கத்தில் மருந்தைச் செலுத்துவாராம். "எல்லாருக்கும் ஒரே மாதிரி கேட்காது. வலி குறைஞ்சதும் பயிற்சி செய்யணும். அதுதான் முக்கியம்" என்றார்.

"யோசிச்சுச் சொல்றேங்க" என்று இவர் பாதி எழுந்துவிட்டார்.

டாக்டர் இயந்திரத்தின் பக்கம் திரும்பினார். அந்தப் பின்மண்டையை எங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். போன வாரம் புதிதாக வந்து வெட்டிக்கொண்டு, பின்வாசல் சங்கதி தெரியாமல் பஸ்ஸைப் பிடிக்க ஓடினவர். இடப்பக்கம் அழகு, வலப்பக்கம் புதர்.

பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். "டாக்டர், இது யார் வெட்டினது?"

டாக்டர் தலையைத் தடவிக்கொண்டு திரும்பி இவரைப் பார்த்தார். அவருக்கு ஆள் பிடிபட்டுவிட்டது. இவர் முதுகுக்குப் பின்னால் நான் கும்பிட்டபடி நின்றிருந்தேன்.

"எங்க கடைக்கு எதிர்ல இருக்கிற சலூனா இருக்கும்" என்றேன்.

"ஆமா, எதிர்க் கடைதான்" என்றார் டாக்டர். தங்கமான மனுஷன்.

"நெனச்சேன்" என்று இவர் பொத்தென்று உட்கார்ந்தார். "அவனெல்லாம் கத்தரி புடிக்கலாமா? நம்பி வந்து தலையைக் குனிஞ்சவங்களை இப்படியா அனுப்புறது? முடியலன்னா முடியலன்னு சொல்லணும். வீம்புக்கு வெட்டுறது, அப்புறம் ஊரெல்லாம் அந்தக் கண்றாவியைச் சுமக்கணுமா?"

"ஆடாம திட்டுங்க" என்றார் டாக்டர்.

ஆடாமல் திட்டினார். வாய் ஓயவில்லை. கண் கலங்கியதை மட்டும் நான் கவனித்தேன், ஊசிதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

"முடிஞ்சுது" என்றார் டாக்டர்.

"என்ன முடிஞ்சுது?"

வலி ஒரேயடியாகப் போய்விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. சுவரில் விரலால் ஏணி ஏறும் பயிற்சியை முனகிக்கொண்டே செய்தார். ஒருநாள் கை காதைத் தாண்டியது. என் முக்காலி குளியலறைக்குத் திரும்பி வந்தது.

அன்று காலை கடையில் சுழல் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி கிடந்தது. "இது யாருக்கு?" என்றேன்.

"உனக்குத்தான். இனிமே முன்வாசல்லயே வெட்டு."

நான் அந்த நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த டாக்டருக்கு ரெட்டைச் சுழி" என்றார் சீப்பைத் துடைத்தபடி. "நான் வெட்டின தலை எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் எதிர்க் கடைக்காரரை ஏன் அந்தத் திட்டு திட்டினீங்க?"

"அவனையா திட்டினேன்?"

நான் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து, புதுக் கத்தரி ஒன்றை என் கையில் வைத்தார்.

"சமையலறைக் கத்தரி வேணாம். தபால்காரர் தலை ரொம்ப நாளா வெங்காய வாசனை அடிக்குது."