சண்டைக்கு மட்டும் பவர்

தண்டபாணி தன் மனைவியோடு சண்டை போடும் அதிகாரத்தை எனக்குப் பவர் எழுதிக் கொடுத்தார். அவருக்குச் சரக்குக் கப்பலில் வேலை. நடுக்கடலில் சிக்னல் கிடைக்காது. பாதியில் அறுந்துபோன சண்டைகள் நிறைய இருந்தன. நான் உடுமலைப்பேட்டையில் அவர்களுடைய எதிர்வீட்டுக்காரி.

"ஏஜெண்ட் பேசுனா ஓனர் பேசுன மாதிரிதானுங்க. ஆனா பத்திரத்துல இல்லாததைச் செஞ்சா செல்லாது" என்றார் பத்திரம் எழுதிய சபாபதி.

தினமும் தபால் ஆபீசுக்குக் கிளம்பும் முன் சண்டையைத் தொடங்குவேன். தண்டபாணியின் மனைவி கோகிலவாணி எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு எதிரில் உட்காருவாள். சண்டைக்குள் என்னை "ஏனுங்க" என்பாள். வெளியே வந்தால் அக்கா. ரிப்பேரான மிக்ஸி, கொழுந்தன் கல்யாணத்துச் சேலை என்று பழைய சண்டைகள் எல்லாம் ஒழுங்காகவே நடந்தன.

ஒரு நாள் கேட்டாள்: "எங்கப்பா செத்தப்ப ஏனுங்க வரலை?"

எனக்குத் தெரியாது. பவர் இருந்ததால் வாய் தானாகத் திறந்தது. "லீவு கிடைச்சுது வாணி. உன் முகத்தைப் பார்க்கத்தான் பயமா இருந்துச்சு."

அவள் வெகுநேரம் அழுதாள். பிறகு துணிகளைப் பையில் அடுக்கினாள். "மன்னிப்புக் கேளுங்கக்கா. இல்லாட்டி நான் போயிருவேன்."

"அதுக்குப் பவர் இல்லையே. சண்டை மட்டும்தான் எழுதியிருக்குது."

என் சொந்தப் பொறுப்பில் அவளைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்லலாமா என்று சபாபதியைப் போனில் கேட்டேன். பின்னால் வில்லங்கம் வரும் என்றார்.

முடியாத சண்டையை விட்டு யாரும் எழுந்து போக முடியாது. அவள் பையின் மேல் உட்கார்ந்திருந்தாள். நான் எதிரே நின்றேன். கப்பல் ஒரு துறைமுகத்தை அடைந்ததும் சபாபதி தண்டபாணியைப் போனில் பிடித்து நான் சொன்ன பதிலைச் சொல்லிவிட்டார்.

"அதை நான் சொல்லவே இல்லையே" என்றாராம் தண்டபாணி.

"ஏஜெண்ட் சொன்னா நீங்க சொன்னதுதானுங்க."

பிறகு "ஆமா, பயமாத்தான் இருந்துச்சு" என்றாராம். அன்றே தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு, மன்னிப்புக் கேட்கவும் பவர் அனுப்பினார்.

பத்திரம் பதிவானதும் நின்ற இடத்திலேயே மன்னிப்புக் கேட்டேன். கோகிலவாணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க கேட்டது செல்லுமுங்க அக்கா. ஆனா நான் மன்னிக்கிறதை வாங்கிக்க உங்களுக்குப் பவர் இல்லை. அவரே வரட்டும்."

பத்திரத்தைப் படித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி.

மறுவாரம் தண்டபாணி கப்பலோடு வந்தார். பஸ் ஸ்டாண்டில் இடமில்லாததால் சந்தைக்குள் நிறுத்தியிருந்தார்கள். தக்காளிக் கூடைகளை நகர்த்தி ஏணி போட்டோம். கோகிலவாணி தனியாக ஏறிப் போனாள். வெயில் சாய்ந்தபின் இருவரும் சேர்ந்து இறங்கினார்கள். அவள் செருப்பு அவர் கையில் இருந்தது.

கப்பலைத் திருப்பி எடுக்கத் தண்ணீர் வேண்டும் என்றார் கேப்டன். நகராட்சியில் விசாரித்தேன். சந்தைப் பக்கத்துக்கு வியாழக்கிழமைதான் முறை என்றார்கள்.