ஹைண்ட் இல்லம்

குமுளியில் சுவக்கீன் வீட்டு முகப்பில் 'ஹைண்ட் இல்லம்' என்று கிரானைட்டில் செதுக்கியிருக்கும். ஒவ்வோர் எழுத்தும் யானைக்குட்டி அளவு. மலைக்குக் கீழே கம்பம் ஊரில் நின்று பார்த்தாலும் தெரியும். அந்தப் பெயருக்குக் காரணம் நான்தான்.

சுவக்கீனின் தாத்தாவுக்கு வெள்ளைக்கார துரை கொடுத்த நற்சான்றுக் கடிதத்தில், 'இவன் நல்ல ஹைண்ட்' என்று இருந்தது. வீடு கட்டும்போது அதற்கு அர்த்தம் கேட்டு வந்தான். நான் அப்போது எஸ்டேட் ஆபீஸ் கிளார்க். அகராதியைப் பார்த்தேன். வட இங்கிலாந்துப் பக்கத்துப் பழைய பேச்சு. பண்ணையாள் என்று போட்டிருந்தது. சுவக்கீன் முகத்திலோ ஆயிரம் வாட்ஸ் பல்பு எரிந்துகொண்டிருந்தது. அணைக்க மனம் வரவில்லை.

"படைத்தளபதிடா" என்றேன்.

இருபது வருடம் ஓடியது. போன ஞாயிறு அவன் மகள் டின்சிக்கு நிச்சயதார்த்தம். தளபதி பரம்பரை என்று சொல்லித்தான் சம்பந்தமே பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை ஜோபியின் பெரியப்பா ஆங்கிலப் பேராசிரியராம். அது எனக்கு அன்றுதான் தெரியும். மனிதர் முகப்பில் நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து படித்தார்.

என் நெஞ்சு அடித்த அடியில் மேசைமேல் டீ தளும்பியது, சத்தியமாக. என் வாயால் இந்தப் பெண்ணின் கல்யாணம் நின்றுபோகப் போகிறதே! பின்வாசலில் நழுவலாமென்றால், அங்கே சுவக்கீன் மனைவி அன்னாள் வடைக் கரண்டியோடு நிற்கிறாள்.

"இந்தப் பேரு யாரு வச்சது?" என்றார் பேராசிரியர்.

"தொர எங்க தாத்தாவுக்குக் குடுத்த பட்டம் சார். அர்த்தம் நம்ம கிளார்க்கண்ணே சொல்லுவாக" என்றான் சுவக்கீன் பெருமையாக.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், டின்சியும்தான். நான் டீயை எடுத்து வாயில் கவிழ்த்துக்கொண்டேன். பேராசிரியரே சொல்லிவிட்டார்:

"ஹைண்டுன்னா பண்ணையாளு. மொதலாளி குடுத்த குடிசையில குடும்பத்தோட தங்கி வேல செய்யிறவன்."

அன்னாள் மெதுவாக முன்னே வந்தாள்.

"அப்ப நம்ம எஸ்டேட் லயத்து வீட்டு ஆளுன்னு சொல்லுங்க."

"அதேதாம்மா. எங்க அப்பாவும் லயத்துலதான் பொறந்தாரு. நீங்க தளபதின்னதும் இந்த வீட்டுப் படியேறவே எங்களுக்கு ஒதறல்!"

சுவக்கீன்தான் முதலில் சிரித்தான். மோதிரம் மாற்றினார்கள். நான் கதவோரமாக நகர்ந்தேன். அன்னாளின் கரண்டி குறுக்கே வந்தது.

"எங்க ஓடுறீக? கல்யாணத்தன்னிக்கு வாசல்ல நின்னு, வாரவுக அம்புட்டு பேருக்கும் நெசமான அர்த்தத்த நீங்கதான் சொல்லணும்."

வரும் சனிக்கிழமை கல்யாணம். அழைத்திருப்பது நானூறு பேரை. கண்ணை மூடினால் எனக்கு நாற்பதாயிரம் பேர் தெரிகிறார்கள். அதில் ஒருவரிடமாவது தளபதி என்று வாய் தவறிவிடுமோ என்று, இப்போதே 'பண்ணையாள், பண்ணையாள்' என்று சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.