மஞ்சள் தண்ணீரும் எட்டாம் கிணறும்

“எட்டாம் கிணத்த மட்டும் எடுக்கச் சொல்லாதீங்க சார்,” என்று செல்வப்பிரியா போனில் கெஞ்சியது கொழிஞ்சாம்பாறைத் தென்னந்தோப்பு முழுக்கக் கேட்டது.

மறுமுனையில் அவளுடைய ஆய்வு வழிகாட்டி சிவப்பிரகாஷ். திங்கட்கிழமை கருத்தரங்கில் அவள் காட்டவேண்டிய வரைபடம் குஜராத் பக்கத்துப் பிளவுப் படுகை ஒன்றைப் பற்றியது. நிலம் இரண்டு பக்கமும் இழுபட்டு நடுவில் இறங்க, அந்தப் பள்ளத்தில் கோடிக்கணக்கான வருஷமாக மணலும் களிமண்ணும் படிந்த இடம். அதன் ஆழத்தில் எங்கே எவ்வளவு சூடு என்று பழைய எண்ணெய்க் கிணறுகளின் அளவுகளை வைத்து நிறம் தீட்டியிருந்தாள். எங்கும் சிவப்பும் ஆரஞ்சும். நட்ட நடுவில் எட்டாம் கிணறு மட்டும் நீலம். அளவு தப்பு, தூக்கிவிடு என்றார் அவர். காரணம் தெரியாமல் தூக்கினால் அது தன் வரைபடமே இல்லை என்று இவள். ஞாயிறு சாயங்காலத்துக்குள் காரணத்தோடு வரச்சொல்லி வைத்துவிட்டார்.

அவள் ஊருக்கு வந்ததே தோப்பில் போடும் புது போர்வெல்லுக்காக. வெள்ளிக்கிழமை காலையில் தண்ணீர் கிடைத்து, போர் போட்ட லாரி கிளம்பியதும், வயரில் கட்டிய வெப்பமானியை உள்ளே இறக்கினாள். தம்பி சந்துருவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“பூமிக்குக் காச்சல் பாக்கறயாக்கா? மாத்தரைய எந்த வழியா போடுவ?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்திலேயே இருக்கும் பழைய போரைவிட, அதே ஆழத்தில், புதுசு குளிர்ந்து கிடந்தது. இங்கேயும் ஓர் எட்டாம் கிணறு.

“ஏம்மா, இதுக்குள்ள எதாச்சும் ஊத்துனீங்களா?”

“ஊத்தாம?” என்றாள் அம்மா மருதாத்தாள். “ஒறம்பறை சனம் அத்தன பேரும் ஆளுக்கொரு கொடம் மஞ்சத்தண்ணி ஊத்துனாங்க. வந்த கங்கைய வெறுங்கையோடயா கூப்புடுவாங்க, அம்மிணி?”

மார்கழிக் குளிரில் ராத்திரி முழுக்க அண்டாவில் கிடந்த தண்ணீர். செல்வப்பிரியா நெற்றியில் அடித்துக்கொண்டாள். சனிக்கிழமை மறுபடி இறக்கினாள், சூடு ஏறியிருந்தது. ஞாயிறு காலையில் பழைய போரை எட்டிப் பிடித்துவிட்டது.

வெப்பமானியைத் தம்பி கையில் திணித்துவிட்டு லேப்டாப்புக்கு ஓடினாள். எண்ணெய்க் கிணறு தோண்டும்போது மேலிருந்து சேற்றுக் கரைசலை ஓடவிடுவார்கள்; அது அடிப்பாறையைக் குளிரவைத்துவிடும். மற்ற கிணறுகளைப் பாறை பழைய சூட்டுக்குத் திரும்பிய பிறகு அளந்திருந்தார்கள். எட்டாவதைச் சேற்று ஓட்டம் நின்ற கையோடு அளந்திருக்கிறார்கள். அப்போதே அடுத்தடுத்து மூன்று முறை அளந்ததில் ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஏறியிருந்தது. அவள்தான் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த ஏற்றத்தை அதன் போக்கிலேயே நீட்டிப் பார்த்தாள். நீலம் மறைந்தது. படுகையிலேயே அதிகச் சூடான கிணறு அதுதான்.

சாயங்காலம் சிவப்பிரகாஷ் கணக்கை இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். பிறகு போனில் மெதுவாகச் சொன்னார்: “நன்றி சொல்ற பக்கத்துல உங்கம்மா பேரையும் போட்டுரும்மா.”

மறுநாள் பால் சொசைட்டியில் மருதாத்தாளைப் பிடிக்க முடியவில்லை. குஜராத்துக் கிணற்றின் காய்ச்சலைத் தன் மகள் கண்டுபிடித்த கதையை, வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னாள்.

செல்வப்பிரியாவோ அரங்கில் அடர்சிவப்பில் எரியும் எட்டாம் கிணற்றைக் காட்டி முடித்தபோதே அடுத்ததற்குத் தாவியிருந்தாள். அத்தனை சூடு அங்கே சும்மா கிடக்கிறது. அதை மேலே கொண்டுவந்து ஒரு பால் ஆலையையே ஓட்டிவிடலாம் என்கிறாள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், ஓடுமா ஓடாதா?