எவாந்தியாவின் இருபது டன்

வங்கிகள் கதவைச் சாத்தி ஆறு நாளாகியிருந்தது. மறுநாள் வாக்கெடுப்பு. வாக்குச் சீட்டில் என்ன அச்சிட்டிருந்தாலும் கிரீஸின் கலமாதா ஊர்க் காபிக்கடையில் பேச்சு ஒன்றுதான்: யூரோவிலேயே கிடப்பதா, கழற்றிக்கொண்டு பழைய நாணயமான திராக்மாவுக்குப் போவதா? மேசைக்கு மேசை சண்டை.

எவாந்தியாவின் கவலை வேறு. குடும்பத்தின் ஒரு வருஷப் பாடு, இருபது டன் ஆலிவ் எண்ணெய், தொட்டிகளில் கிடந்தது. அதைத் தட்டிக்கொண்டு போக வந்த இத்தாலிக்காரன் எத்தோரே எதிரே உட்கார்ந்திருந்தான்.

"கிலோ ரெண்டு யூரோ. திங்கக்கிழமை திராக்மா வந்துட்டா இதுவும் கிடைக்காதும்மா."

"குடுத்துடுங்க அண்ணி," என்று காதைக் கடித்தான் கொழுந்தன் த்ராசோஸ். "ஊரே குடுத்துடுச்சு."

"திராக்மா வந்தா நம்ம எண்ணெய் தண்ணியாயிடுமா தம்பி?"

எத்தோரே இறங்கிவந்தான். "சரி, மூணரை. உங்க வங்கிக் கணக்குல போட்டுடறேன்."

"போடுவீங்க. அது திராக்மாவா வேஷம் மாத்திக்கிட்டா நான் யார்கிட்ட போய் அழறது?"

கடையைத் தன் பக்கம் இழுக்க நினைத்து, எல்லோர் காபிக்கும் தானே காசு கொடுப்பதாக எழுந்து தோல்பையைத் திறந்தான் எத்தோரே. அங்கேதான் சறுக்கினான். கடைக்காரர் 'வேண்டாம்' என்று அந்த ஊர் வழக்கப்படி மோவாயைச் சட்டென்று மேலே தூக்கினார். "விருந்தாளி காசு இங்க வாங்கறதில்ல. அந்தம்மா அப்பவே குடுத்தாச்சு."

ஆனால் பைக்குள் இருந்த நோட்டுக் கட்டுகளைக் கடையே பார்த்துவிட்டது. தினம் ஏ.டி.எம். வரிசையில் நின்று ஆளுக்கு அறுபது யூரோ மட்டும் எடுக்க முடிகிற ஊர் அது.

"எவ்வளவு இருக்கு?" என்றாள் எவாந்தியா.

"நாப்பதாயிரம்."

"அப்ப கிலோ நாலு. பத்து டன் ஏத்திக்குங்க."

"பாதி லாரி காலியாவா போறது?"

"முழுக் காலிக்கு இது தேவலை. உங்க ஊர்ல போன அறுவடையெல்லாம் புழு. இவ்வளவு தூரம் லாரி கொண்டாந்தது காபி குடிக்கவா?"

எத்தோரே வானத்தைப் பார்த்து முறையிட்டான். இருமுறை வாசல்வரை போனான். யாரும் கூப்பிடவில்லை. தானே திரும்பி வந்து பையை மேசைமேல் வைத்தான்.

"நாளைக்கு எதுக்கு ஓட்டுப் போடறது அண்ணி?" என்றான் த்ராசோஸ், நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உனக்குப் பட்டதுக்குப் போடு. யூரோ நின்னா நோட்டு இருக்கு. திராக்மா வந்தா வெளியூர்க்காரன் எண்ணெய்க்கு யூரோவோட வருவான். ரெண்டுலயும் நம்ம அடுப்பு எரியும்."

சண்டை போட்ட இரண்டு கட்சியும் ஊசோ மதுவுக்குக் கையைத் தூக்கின. செலவு அவளுடையது.

பத்து டன்னை ஏற்றிக்கொண்ட எத்தோரே லாரிக்குள்ளிருந்து தலையை நீட்டினான். "மீதியை யாருக்கும் குடுத்துடாதீங்கம்மா. திங்கக்கிழமை வந்துடறேன்."

"வாங்க," என்றாள் எவாந்தியா. "வெலையை அப்பப் பேசிக்கலாம்."