ஆர்னால்ட் பிரதரின் சாட்சி

ஆர்னால்ட் பிரதர் ஞாயிறு தவறாமல் சாட்சி சொல்வார். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், நகைக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் எங்கள் சபையில் அவர் மைக்கைப் பிடித்தால் லேசில் விடமாட்டார். ஆண்டவர் செய்த நன்மைகளைச் சபை முன் எழுந்து சொல்வதுதான் சாட்சி. இவருடைய சாட்சியில் ஆண்டவருக்குக் கிடைக்கும் இடம் கொஞ்சம்தான். மீதியெல்லாம், விசுவாசத்துக்கு விரோதமான ஆபீசில் இவர் எப்படிச் சிங்கமாக நிற்கிறார் என்பதே.

அந்த ஆபீசில்தான் நானும் வேலை செய்கிறேன், அவருக்குப் பக்கத்து மேசையில். சாப்பாட்டுக்கு முன் கண்ணை மூடி ஜெபிப்பார். மேனேஜர் ரமணன் வரும் சத்தம் கேட்டால் போதும், சிங்கம் சட்டென்று கண்ணைத் திறந்து போனில் எதையோ தேடும்.

போன வாரம் எங்கள் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஒன்று அலமாரியில் மோதி, சரக்கெல்லாம் சரிந்து விழுந்தது. ஓட்டியவன் மாணிக்கம், வேலை பெர்மிட்டில் ஊரிலிருந்து வந்தவன். பிரேக் சரியில்லை என்று அன்று காலையிலேயே சூப்பர்வைசரான ஆர்னால்டிடம் வந்து சொன்னான். "மேனேஜர் அவசரப்படுறாரு, இன்னைக்கு ஓட்டு லா, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார் இவர். என் காதுபடத்தான் சொன்னார். இப்போது பழி மாணிக்கத்தின் தலையில். திங்கட்கிழமை விசாரணை. பிரேக் விஷயத்தை அவனைத் தவிர வேறு யாரும் சொல்லாவிட்டால் பெர்மிட்டை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

இதற்கிடையில் ஆர்னால்ட் போனில் பாஸ்டரிடம், "இந்த சண்டே நான்தான் சாட்சி" என்று சொன்னது மாணிக்கத்தின் காதில் விழுந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சபைக்கே வந்துவிட்டான். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு. கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"சார் எனக்காகச் சாட்சி சொல்றாரு இல்லக்கா? அதுவும் சாமி முன்னாடி."

நான் பாட்டுப் புத்தகத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

ஆர்னால்ட் மைக்கைப் பிடித்தார். "மேசையில இருக்கிற வசனக் காலண்டர எடுக்கச் சொன்னாங்க. எடுக்கல! ஜெயிலுக்குப் போனாலும் எடுக்க மாட்டேன்!" சபை அல்லேலூயா என்று ஆர்ப்பரித்தது. எடுக்கச் சொன்னவர் மேசை துடைக்க வந்த ஆன்ட்டி. காலண்டர் நனைந்துவிடுமே என்று பாவம் அவர் சொன்னார்.

மாணிக்கமும் கைதட்டினான். ஆர்னால்ட் போய் உட்கார்ந்த பிறகும் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தான். "என் விஷயம் எப்பக்கா வரும்?"

ஆராதனை முடிந்ததும் அவனைக் கீழே பரோட்டாக் கடைக்கு அழைத்துப்போய் ஆர்னால்டின் முன் நிறுத்தினேன்.

"தம்பி, அது வேற சாட்சி, இது வேற சாட்சி. எனக்கும் ஃபேமிலி இருக்கு லா" என்றார் அவர். "ஒன்னு செய்றேன். உனக்காக உபவாசம் இருந்து ஜெபிக்கிறேன்."

சொல்லிவிட்டு, முட்டை பரோட்டா இரண்டு கொண்டுவரச் சொன்னார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது. மாணிக்கமோ அவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை காலை விசாரணை அறைக் கதவுக்கு வெளியே நின்றேன். அடுத்த மாதம் என் வேலை ஒப்பந்தம் முடிகிறது. அதைப் புதுப்பிக்க ரமணன்தான் கையெழுத்துப் போட வேண்டும். பயமே இல்லை என்று பீற்றிக்கொள்ள நான் என்ன ஆர்னால்டா? "ஆண்டவரே, கூட வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தேன்.

ரமணன் நிமிர்ந்து பார்த்தார். "ஷார்லீன், உங்கள யாரும் கூப்பிடலையே. எதுக்கு வந்தீங்க?"

"சாட்சி சொல்ல வந்தேன் சார்."

மாணிக்கம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். அவன் பக்கத்தில் ஆர்னால்ட் பிரதர் இரண்டு கண்ணையும் இறுக மூடி, உதடு அசைய ஜெபித்துக்கொண்டிருந்தார். ரமணன் எதிரே அவர் ஜெபித்து அன்றுதான் பார்த்தேன்.