ஹோஸுக்கு ஒரு மூக்கு

கடைசல் வேலை பார்க்கும் டர்னர், லேத்தை நிறுத்திவிட்டு, இரண்டாக உடைந்த கிராஃபைட் கம்பியைக் கையில் எடுத்தார். பழக்கதோஷத்தில் இரும்பை மாட்டுவதுபோல லேத்தில் இறுக்கியிருந்தார். அது பிஸ்கட் மாதிரி உடைந்துவிட்டது.

"பாத்து மாமா. மொத்தமே மூணு துண்டுதான் இருந்துச்சு," என்றான் உலைக்காரன். அவன் டர்னருடைய மனைவியின் தம்பி.

"இன்னும் ரெண்டு இருக்குல்ல மாப்ளே? அதுக்குள்ள ஏன் மூக்கை உறிஞ்சுறே?"

உலைக்காரன் வேலை பார்க்கும் பட்டறையில், உருகிய அலுமினியத்தின் அடிவரை ஹோஸ் வழியாகக் காஸ் செலுத்திக் காற்றுக்குமிழிகளை வெளியேற்ற வேண்டும். அந்த ஹோஸ் எந்தக் காலத்து மிஷினிலிருந்தோ வெட்டியது. முனையில் மாட்டக் கடையில் விற்கும் எந்த மூக்கும் அதற்குச் சேராது. அதனால் முனையில் ஓர் இரும்புக் குழாயைச் செருகியிருந்தார்கள். அலுமினியம் அதைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கரைத்துத் தின்றது. குட்டையான குழாய் அடியை எட்டாது. வார்ப்பில் ஓட்டை விழும். இன்னொரு முறை விழுந்தால் வேலைக்கே வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். கிராஃபைட்டை அலுமினியம் தின்னாது என்பதால், அதில் ஒரு மூக்கு கடைந்து தரச் சொல்லி மாமாவிடம் வந்திருந்தான்.

இரண்டாவது துண்டில் துளை போட்டார்கள். டிரில் பாதி நீளம்தான் போகும் என்பதால், டர்னர் ஒரு பக்கம் போட்டு, திருப்பி மறுபக்கமும் போட்டார். உலைக்காரன் வாய் வைத்து ஊதினான். கன்னம் உப்பி, கண் பிதுங்கியது. காற்று மட்டும் போகவில்லை.

"என்ன மாமா இது?"

"ரெண்டு துளையும் ஒண்ணை ஒண்ணு பாக்காமலே தாண்டிப் போயிருக்கு."

"நீங்களும் அக்காவும் பேசாம இருந்த மாசம் மாதிரி."

"முதல்ல வாயைத் தொடைடா. கரித்தூள்ல மீசை முளைச்சிருக்கு."

கடைசித் துண்டுக்கு டர்னர் மெல்லிய செம்புத் தகட்டைச் சுற்றி, தூங்குகிற குழந்தையைப் படுக்க வைப்பதுபோல லேத்தில் வைத்தார். உலைக்காரன் தும்மப் போனதற்கே முறைத்தார். இந்த முறை துளைகள் சந்தித்தன. உலைக்காரன் ஊதியதும் உள்ளே இருந்த தூள் முழுவதும் டர்னரின் முகத்தில் போய் அப்பியது.

சாப்பாடு கொண்டுவந்த அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இதுல என் வீட்டுக்காரர் யாருங்க?"

மறுநாள் உலைக்காரன் அதை ஹோஸில் மாட்டினான். அளவெடுத்துத் தைத்ததுபோல உட்கார்ந்தது. வார்ப்பை அறுத்துப் பார்த்தார்கள். ஊசிமுனை அளவு ஓட்டைகூட இல்லை. மூன்று நாட்கள் சூப்பர்வைசருக்குத் திட்ட எதுவும் கிடைக்கவில்லை. உலைக்காரனுடைய சட்டைப் பொத்தானைக் குறை சொல்லிச் சமாளித்தார்.

நான்காம் நாள் முதலாளி வந்து மூக்கைக் கழற்றச் சொல்லி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்ம ஆளுங்களே செஞ்சதா?"

"எங்க மாமா செஞ்சாருங்க. துண்டு வாங்கிக் குடுத்தா இன்னும் பத்து செஞ்சுடலாம்."

"பத்து எதுக்குப்பா? ஒண்ணு போதும்."

சாயங்காலம் அது முதலாளி அறையின் கண்ணாடி அலமாரியில், பரிசுக் கோப்பைகளுக்கு நடுவே படுத்திருந்தது. பக்கத்தில் ஓர் அட்டை: 'எங்கள் தயாரிப்பு. தொடாதீர்கள்.'

அடுத்த நாள் வந்த விருந்தினர்களில் ஒருவர் தொட்டுவிட்டார். கறுத்த விரலைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். சூப்பர்வைசர் சோப்பும் துண்டும் எடுத்துக்கொண்டு ஓடினார்.

அந்த அறையின் ஜன்னலுக்குக் கீழே, பட்டறையில், உலைக்காரன் ஹோஸை உலையிலிருந்து வெளியே தூக்கினான். முனையில் மறுபடி செருகியிருந்த இரும்புக் குழாய் ஒரு சாண் குறைந்திருந்தது. அவன் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, கையை இன்னும் ஒரு சாண் உலைக்குள் இறக்கினான்.