எட்டிப் பார்க்காமல் ஒரு மணி நேரம்

"சுடுதண்ணியிலயா போட்ட?"

அப்பா போட்ட சத்தத்தில், கூடத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். குளியலறை வாசலில் அத்தை வெள்ளைக் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தாள்.

"கறை போகட்டுமேன்னுதாண்ணா..."

"லாண்டரிக்காரனுக்குத் தங்கச்சியாப் பொறந்துட்டு, ரத்தக் கறையைப் போய்ச் சுடுதண்ணியில போடுவியா? வெந்த முட்டை மாதிரி துணியோட இறுகிடுமே! இனி என் கடை மொத்தத்தையும் கொட்டினாலும் போகாது."

அத்தை அழ ஆரம்பித்தாள். மகள் கோட்டை வாங்கிக்கொண்டாள். விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிய அம்மா, கடைசி நாலு நாளும் குளிருக்கு இதைத்தான் போர்த்திக்கொண்டிருந்தாள். ஊசியை எடுத்தபோது கசிந்த ரத்தம் கோட்டின் வலது கையில் பழுப்பாகப் படிந்திருந்தது. ஆய்வுக்கூடத்தில் இருபது வருஷம் போட்டிருந்த கோட்டு. "என்னைப் பொம்மை மாதிரி ஜோடிக்காதீங்க. கோட்டோடயே அனுப்பி வைங்க" என்று சொல்லியிருந்தாள். தனக்கென்று எதையும் கேட்காதவள் கேட்டது அது ஒன்றுதான். நாலு மணிக்கு வண்டி வந்துவிடும். இப்போதே மணி ஒன்று.

"பிளீச் போட்டா?"

"நைஞ்ச துணிம்மா. நூல் நூலா வந்துடும்."

மகள் கொஞ்சம் தயங்கினாள். "அப்பா, நாப்பத்தொண்ணு இருக்கே."

கடல் சேற்றில் அம்மா தேடிப் பிடித்த பாக்டீரியாவின் எண் அது. அது சுரக்கிற நொதி, ரத்தம், பால், முட்டை என்று புரதம் எதுவானாலும் பச்சைத் தண்ணீரிலேயே செரித்துவிடும். பால் கலந்த வெள்ளைத் தட்டில் அதைச் சுற்றி மட்டும் கண்ணாடி போல் தெளிந்ததை, குழந்தை எழுந்து நடந்துவிட்ட மாதிரி வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினாள். அப்பா மசியவில்லை. "எல்லாரும் கடல்ல மீன் பிடிப்பாங்க, உங்கம்மா கிருமி பிடிக்கிறா. அது என் கடைக்குள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன்." ஒருநாளாவது போட்டுப் பாருங்களேன் என்று அவளும் பத்து வருஷமாகக் கெஞ்சியும் பார்த்தாள், வம்புக்கும் இழுத்தாள்.

ஃப்ரிட்ஜ் கதவில், பால் பக்கத்தில் அந்த நொதிப் புட்டி இருந்தது. அம்மாவின் கோழிக்கிறுக்கல்: 'பருத்திக்கு மட்டும். பட்டும் புரதம்தான், தின்றுவிடும். குளிர்ந்த தண்ணீர். ஒரு மணி நேரம். எட்டிப் பார்க்காதீங்க.'

அந்த வீட்டில் எட்டிப் பார்க்கிற ஆள் ஒருவர்தான். அடுப்பில் எது வைத்தாலும் நாலு தடவை மூடியைத் திறப்பார்.

அப்பா அதை இரண்டு முறை படித்தார். பேசினில் தண்ணீர் பிடித்து, புட்டியைச் சாய்த்து, கோட்டை அமுக்கினார். மேலே ஒரு தட்டைக் கவிழ்த்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

வந்தவர்களுக்குப் பதில் சொல்லியபடியே மகள் வந்து வந்து பார்த்தாள். அப்பாவின் கண் கைக்கடிகாரத்திலேயே இருந்தது. கை தட்டுப் பக்கம் போகவே இல்லை. பாவி மனுஷன், இந்தப் பொறுமையை அம்மா ஒருநாள் பார்த்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டாள்.

"அப்பா, ரெண்டே கால் ஆச்சு. இஸ்திரி போட்டுக் காய வைக்கணும்ல?"

அவர் எழவில்லை. அவளே தட்டை எடுத்தாள். தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தது. கோட்டின் கையை விரித்துப் பிடித்தாள். பழுப்பு இருந்த இடம் எதுவென்றே தெரியவில்லை.

அப்பா குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கறை விஷயத்தில் அவர் கண் பொய் சொன்னதே கிடையாது.

"இன்னும் போகலம்மா," என்றார். "ஒரு அஞ்சு நிமிஷம் இருக்கட்டும்."

மகள் அந்த வெள்ளைக் கையைத் தண்ணீருக்குள் மெல்ல விட்டாள்.

"ஆமாப்பா, லேசா இருக்கு," என்று தட்டை மூடிவிட்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.